பதினெட்டுப் பை கோட்டு

மச்சினி வீட்டுக்குப் போக விமான டிக்கெட் எடுத்தபோதுதான் அந்த அக்கிரமம் தெரிந்தது. மனிதனுக்கு ஒரு விலை, அவன் பெட்டிக்கு அதைவிடக் கூடுதல் விலை. ஆக, பெட்டிக்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை. வீட்டில் இது பழகிப்போன விஷயம்தான். வெளியிலுமா?

நான் தையல்காரன். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி சபதம் செய்தேன்.

"பெட்டிக்குன்னு ஒத்தக் காசு கட்ட மாட்டேன்! ஒரு கோட்டு தைக்கப் போறேன். உள்ள பூரா பை. சாமானெல்லாம் என் உடம்புல. அவங்க எடை போடறது பையைத்தானே, ஆளை இல்லையே?"

பட்டன் தைத்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிரவே இல்லை.

"அப்படியும் கட்ட வேண்டி வந்தா?"

"கடைக் கல்லாச் சாவி இனிமே உன்கிட்ட. போதுமா?"

"போதும்."

இந்த வீட்டில் என் பேச்சு எடுபடுகிற ஒரே இடம் அந்தக் கல்லாதான். அதன் சாவி என் இடுப்பை விட்டு இறங்கியதே கிடையாது. அதைப் பணயம் வைத்ததும் அவள் ஒற்றை வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாளே, அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். எனக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லையே.

கோட்டு தயாரானது. பதினெட்டுப் பைகள். நெஞ்சில் அவள் துணிமணி, முதுகில் என் சட்டைகள், தொடைப் பக்கம் செருப்புகள், வலது இடுப்பில் மச்சினிக்குப் பரிசாக ஒரு இஸ்திரிப் பெட்டி. விமான நிலையத்துக்குள் பீரோ நடந்து வருவது போல நுழைந்தேன்.

கவுண்டர் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், உடம்புக்கு ஏதாவது...?"

"குளிருதும்மா," என்றேன். நெற்றியிலிருந்து வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது.

கைப்பைகள் இரண்டையும் எடை போட்டாள். சரியாக இருந்தது. போர்டிங் பாஸ் கைக்கு வந்தது. ஜெயித்துவிட்டேன்! திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணோம். பக்கத்துக் கவுண்டரில், பெட்டி எடை கூடிப்போய் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவா கேக்கறாங்க? அதுல பாதி குடுங்க அண்ணே. எங்க வீட்டுக்காரர் போட்டிருக்கற கோட்டைத் தந்துடறோம். பதினெட்டுப் பை!"

"ஏய், என்னடி இது?"

"சும்மா இருங்க. துணி விலையைப் போல ஆறு மடங்கு தர்றாராம்."

ஆறு மடங்கா! ஒரு சட்டைக்கூலிக்கே அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்களிடம் காலம் தள்ளுகிறவன் நான். என் விரல்கள் என்னைக் கேட்காமலே பட்டனைக் கழற்றின. பைகளைத் தரையில் காலி செய்தேன். பெரியவர் கோட்டை மாட்டி, தன் சாமான்களைத் திணித்துக்கொண்டு, "பிரமாதம்!" என்று நடையைக் கட்டினார்.

அப்புறம்தான் தரையைப் பார்த்தேன்.

"இதையெல்லாம் எதுல தூக்கிட்டுப் போறது?"

அவள் கைப்பையிலிருந்து மடித்த துணி ஒன்றை எடுத்து உதறினாள். பெரிய மூட்டைப் பை. என் கோட்டுத் துணியேதான்.

"வெட்டினதுல மிச்சம் கிடந்துச்சு. வீணாகுதேன்னு தைச்சு வச்சேன்."

கவுண்டர் பெண் அதை எடை போட்டுவிட்டு, "இதுக்குக் கட்டணும் சார். கடைசி நேரத்துல கட்டினா ரேட் கொஞ்சம் கூட," என்றாள்.

"அந்தக் கோட்டுக் காசுல கட்டிடு," என்றேன் மனைவியிடம்.

"அது வியாபாரக் காசுங்க. கல்லாவுக்குப் போகணும். நீங்க உங்க பர்ஸை எடுங்க."

எடுத்தேன். கட்டினேன். அவள் கையை நீட்டினாள். இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன்.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க," என்றாள். "வரிசைல நின்ன நாலு பேர் இதே மாதிரி கோட்டுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்காங்க. திரும்பி வந்ததும் தைக்க உக்காருங்க. மாசம் பொறந்தா உங்க சம்பளம் டாண்ணு கைக்கு வந்துடும்."