பட்டன் டப்பாவில் ஒரு ஃபியூஸ்

"விஜயம்! ஏ.சி. அனலா அடிக்கிறது!"

வாசலில் நின்ற காருக்குள்ளிருந்து அனந்தநாராயணன் கத்தினார். அடுக்களையில் விஜயத்தின் கையிலிருந்து கரண்டி நழுவியது. அவளுக்குத் தெரிந்த சேதிதான். காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில், காரின் ஃபியூஸ் பெட்டி மூடியில் போட்டிருந்த படத்தைப் பார்த்து ஏ.சி. ஃபியூஸை உருவியவளே அவள்தான். அது இப்போது அவளுடைய பட்டன் டப்பாவில், பிளவுஸ் கொக்கிகளோடு கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் பெங்களூர் கிளம்ப வேண்டும். மகன் கேஷவ் வீட்டோடு போய் இருந்துவிட. முடிவு எடுத்தவர் அவர். "சரி" என்றவள் அவள். கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு சொல்லையே சொல்லிப் பழகியதில், மற்றது நாக்கில் ஏறுவதே இல்லை.

ஆனால் இந்தத் தை மாதம்தான் அவள் அடுத்த தெரு நூர்ஜஹானின் தையல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அங்கே அவள் மாமி இல்லை, கேஷவ் அம்மா இல்லை. "விஜயம், மறுபடியும் கழுத்தைக் கோணலா வெட்டிட்டீங்க!" என்று திட்டு விழும். அந்தத் திட்டை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. மயிலாடுதுறைச் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாமல் அவர் காரை எடுக்கமாட்டார். அவள் போட்ட திட்டம் அவ்வளவுதான்.

"மெக்கானிக் ஃபாஜிலைக் கூப்பிடட்டுமான்னா?" என்றாள் வாசலுக்கு வந்து, ஒப்புக்கு.

"அவன் எதுக்கு? வீடியோ பார்த்து நானே சரி பண்றேன்."

முதலில் ஃபில்டரை உருவினார். ரோட்டில் காயப்போட்ட நெல் மேல் ஓட்டியதெல்லாம் பதராகக் கொட்டியது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தார். ஃபில்டர் கூழாகிவிட்டது.

"ஐயோ, அது பேப்பர்னா!"

"போனா போறது. முன்பக்கத்தைக் கழுவிட்டா சரியாயிடும்."

பானெட்டைத் திறந்து ஹோஸால் தண்ணீர் அடித்தார். ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. தெருவே வாசலுக்கு ஓடிவந்தது.

விஜயம் உள்ளே ஓடிப் பட்டன் டப்பாவைத் திறந்தாள். ஒரு துக்கடா ஃபியூஸுக்கா இத்தனை அமர்க்களம்? திரும்பச் சொருகிவிடலாம் என்று அதை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். டாஷ்போர்டு காரில் இல்லை, கோலத்தின் மேல் கிடந்தது. ஃபியூஸ் பெட்டி வயரோடு செம்பருத்திச் செடியில் தொங்கியது.

"என்னன்னா இது!"

"எல்லாத்தையும் கழட்டிப் பார்க்கணுமாம். வீடியோவில சொல்றான்."

போன் அடித்தது. கேஷவ். ஸ்பீக்கரில் போட்டு அவர் கார் கதையைச் சொன்னார்.

"அப்பா, காரை விடுங்கோ. நானே ராத்திரி கிளம்பி வந்து அழைச்சிண்டு போறேன்."

"வேண்டாம்டா!" அவர் போட்ட கூச்சலில் விஜயமே திடுக்கிட்டாள். "அரைமணியில முடிஞ்சுடும்!"

மனுஷருக்குப் பெங்களூர் போக எத்தனை ஆசை! நெற்றியெல்லாம் கிரீஸ். ஸ்குரூக்களுக்கு நடுவே, திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார். கோணல் கழுத்துப் பிளவுஸுக்காக இவரை இந்தப் பாடு படுத்துகிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. போதும். போய்விடலாம்.

கொல்லைப்பக்கம் போய் ஃபாஜிலுக்குப் போன் போட்டாள்.

"இன்னிக்கு முடியாதே மாமி..." என்று அவன் இழுத்தான்.

"சார் அழுதுடுவார் போல இருக்குப்பா. ஓடி வா."

வந்தவன் கோலத்தின் மேல் கிடந்த டாஷ்போர்டைத் தாண்டிக் காரைச் சுற்றி வந்தான். அனந்தநாராயணன் கை கழுவ உள்ளே போயிருந்தார். விஜயம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஃபியூஸை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"நான்தாம்ப்பா எடுத்தேன். சார்கிட்ட சொல்லிடாதே. எப்படியாவது நாளைக்கு வண்டி கிளம்பணும். பாவம், அவர் போயே ஆகணும்னு துடிக்கிறார்."

ஃபாஜில் ஃபியூஸைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இதை மாட்டி என்ன மாமி ஆகப்போகுது? நேத்தே சார் ஏ.சி. பெல்ட்டைக் கழட்டி என் கடையில குடுத்துட்டு, 'மாமி கூப்பிட்டாக்கூட வந்துடாதேடா, இந்தப் பயணம் எப்படியாவது நிக்கணும்'னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சிட்டுப் போனாரே!"