தோல்வியே காணாத வெட்டுக்கிளிகள்

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் சக்கரம் என்பார்கள், நெருப்பு என்பார்கள். இரண்டும் தவறு. தோற்றவர்களுக்கென்று தனியாக ஒரு போட்டி வைத்து, அதிலும் ஒரு கோப்பை கொடுக்கலாம் என்று எவனோ ஒருவனுக்குத் தோன்றியதே, அதுதான் கண்டுபிடிப்பு. இந்த உண்மையை நெப்ராஸ்கா மாநிலத்தில் மெர்ல் ஸ்டாங்லண்ட் அளவுக்கு உணர்ந்தவர் வேறு யாருமில்லை. அவர் ஸ்டோன் ஃபோர்க் கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர்.

மார்ச் மாதம் பிறந்தால் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து அணிகள் பெரிய போட்டிக்குப் போகும். அதற்கு அழைப்பு வராதவர்கள் இரண்டாவது போட்டிக்குப் போவார்கள். அங்கேயும் இடமில்லாதவர்கள் மூன்றாவதுக்கு. அதற்குப் பிறகும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அணிகளை அப்படியே விட்டுவிடலாமா? மனசு கேட்காத சிலர் 'மத்தியச் சமவெளி வாய்ப்புக் கோப்பை' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் சேர ஓர் அணிக்கு வேண்டிய தகுதி ஒன்றே ஒன்றுதான்: கூப்பிட்டால் போனை எடுக்க வேண்டும். மெர்ல் முதல் மணியிலேயே எடுத்தார்.

கல்லூரி அணிக்கு 'வெட்டுக்கிளிகள்' என்று பெயர். அந்த ஆண்டு வயல்களுக்கு வெட்டுக்கிளிகளால் வந்த சேதத்தைவிட வெட்டுக்கிளிகளுக்கு மற்ற அணிகளால் வந்த சேதம் அதிகம். ஆகவே ஆலோசனைக் குழுவில் வேதியியல் பேராசிரியை ஒருவர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

"தோத்துக்கிட்டே இருந்த டீம் எதுக்கு மறுபடியும் போய் ஆடணும், மெர்ல்?"

மெர்ல் எழுந்து நின்றார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "கர்டிஸுக்காக" என்றார்.

"யாரு கர்டிஸ்?"

"கர்டிஸ் லிண்ட்ஸ்ட்ராம். கடைசி வருஷப் பையன். நாலு வருஷமா நம்ம பெஞ்சுல உட்கார்ந்திருக்கான்."

"நல்லா ஆடுவானா?"

"யாருக்குத் தெரியும்? அவனை இறக்கினதே இல்லையே. அந்தப் பையனுக்கு இன்னும் ஒரே ஒரு ஆட்டம். அதைக்கூட நாம குடுக்கலேன்னா நாம என்ன கல்லூரி?"

குழு உருகிவிட்டது. பேராசிரியை மூக்கைத் துடைத்துக்கொண்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்ற வாசகத்தோடு கர்டிஸின் படம் அன்று மாலையே வளாகம் முழுக்க ஒட்டப்பட்டது. படத்தில் அவன் துண்டு பிடித்துக்கொண்டிருந்தான். நான்கு ஆண்டுகளில் எடுத்த எந்தப் படத்திலும் அவன் கையில் பந்து இல்லாததால் வேறு வழியில்லை.

பயிற்சியாளர் ரஸ் டில்லட்சன் இந்த உயர்ந்த லட்சியத்தைக் கேள்விப்பட்டு மெர்லின் அறைக்கு ஓடிவந்தார்.

"மெர்ல், என் ஒப்பந்தத்துல 'ஏதாவது ஒரு கோப்பை'ன்னு போட்டிருக்கில்ல? ஜெயிச்சா ரெண்டு வருஷம் நீட்டிப்பு?"

"போட்டிருக்கு."

"இது கோப்பைதானே?"

"பேர்லயே இருக்கேப்பா."

"உன் ஒப்பந்தத்துலயும் அதே மாதிரி இருக்கோ?"

"நாம பேசிட்டிருக்கிறது கர்டிஸைப் பத்தி, ரஸ்."

ஒரு சிறு சிக்கல் இருந்தது. பருவம் முடிந்த கையோடு நன்றாக ஆடுகிறவர்கள் எல்லோரும் வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அது இப்போது நாடு முழுக்க வழக்கம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. மிஞ்சியவர்கள் ஐந்தே பேர். ஐந்தாவது ஆள் கர்டிஸ்.

விஷயத்தைச் சொன்னபோது கர்டிஸ் உடற்பயிற்சிக் கூடத்தில் தனியாகப் பந்து எறிந்துகொண்டிருந்தான். நான்கு வருடமாகக் காலையில் வந்து இப்படி எறிகிறான் என்பது அப்போதுதான் மெர்லுக்குத் தெரிந்தது.

"முதல்லேர்ந்தே இறங்கறேனா சார்? கடைசி நிமிஷத்துல இல்லையே?"

"முதல்லேர்ந்து. உன்னைவிட்டா ஆளில்ல."

"அப்பாவை வரச் சொல்லலாமா? மாடு கறக்க ஆள் ஏற்பாடு பண்ணிட்டுத்தான் அவரால கிளம்ப முடியும். ஆட்டம் நிச்சயம்னா மட்டும் சொல்றேன்."

"நிச்சயம்டா. இதெல்லாம் யாருக்காக நடக்குது? உனக்காகத்தானே" என்றார் மெர்ல். சொன்ன நேரத்தில் அவரே அதை நம்பினார் என்பதையும் இங்கே பதிவு செய்வது நியாயம்.

சனிக்கிழமை மதியம் அரங்கம் விழாக்கோலம் பூண்டது. நான்கு அணிகள் கலந்துகொள்ளும் போட்டி முழுவதும் ஸ்டோன் ஃபோர்க்கிலேயே நடப்பதாக ஏற்பாடு. நடுவர்கள் வந்து, அந்த ஊர் வழக்கப்படி, சில்லி என்கிற காரமான பீன்ஸ் குழம்பும் இனிப்பான சினமன் ரோலும் சாப்பிட்டு முடித்தார்கள். கல்லூரி வாத்தியக் குழு ஊதத் தொடங்கியது. வெற்றி பெற்றவர்கள் ஏறிக் கூடையின் வலையை வெட்டி எடுக்கும் அந்தப் புனிதச் சடங்குக்காக ஏணியும் தங்க நிறக் கத்தரிக்கோலும் முன்கூட்டியே வந்து காத்திருந்தன. மூன்றாவது வரிசையில் கர்டிஸின் அப்பா, தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டோடு உட்கார்ந்திருந்தார். வராதது எதிரணி மட்டும்தான்.

மெர்லின் போன் அடித்தது. போட்டி அமைப்பாளர் டார்லீன்.

"வாழ்த்துகள் மெர்ல். நீங்க இறுதிச் சுற்றுக்கு வந்துட்டீங்க."

"இன்னும் ஆடவே இல்லையே."

"உங்களோட ஆட வேண்டியவங்க வரல. அவங்க கோச்சுக்கு வேற இடத்துல வேலை கிடைச்சுடுச்சு. பசங்களும் கூடவே கிளம்பிட்டாங்க."

"சரி. இறுதி ஆட்டம் யாரோட?"

"அதான் அடுத்த விஷயம். மிச்ச ரெண்டு டீம்ல ஒண்ணு நேத்தே விலகிடுச்சு. இன்னொண்ணு இது வேற கோப்பைன்னு நினைச்சு ஒத்துக்கிட்டாங்களாம். இப்ப வெப்சைட்டைப் பார்த்துட்டு வர மாட்டேங்கறாங்க. அதனால நீங்கதான் சாம்பியன். கோப்பை கூரியர்ல வரும்."

உலக விளையாட்டு வரலாற்றில் வியர்வை சிந்தாமல், காயம் படாமல், பந்தைத் தொடக்கூடச் செய்யாமல் ஒரு கோப்பையை வெல்வது சாமானிய சாதனையா? ரஸ் டில்லட்சன் அப்படியே தரையில் மண்டியிட்டு அழுதார். இரண்டு வருட நீட்டிப்பு எந்தக் கல் நெஞ்சையும் கரைக்கும். மெர்ல் ஒலிபெருக்கியை வாங்கி, "தோல்வியே காணாத சாம்பியன்கள்" என்று அறிவித்தார். வந்திருந்த சொற்பக் கூட்டம், கைதட்டுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

ஏணி கூடைக்கு அடியில் நிறுத்தப்பட்டது. வலையின் முதல் முடிச்சை வெட்டும் பெருமை மூத்த மாணவனுக்கு உரியது. கர்டிஸ் ஏறினான். வலையைக் கையில் பிடித்துப் பார்த்தான். பிறகு கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

"என்னடா ஆச்சு?" என்றார் மெர்ல்.

"ஆட்டம் முடிஞ்சதும் வெட்டிக்கலாம் சார்."

"அதான் முடிஞ்சுடுச்சே."

"ஆரம்பிக்கவே இல்லையே சார். வலையை வெட்டிட்டா எதுல ஆடறது?"

"யாரோட ஆடுவே? எதிர்ல ஆளே இல்லடா."

வாத்தியக் குழுவிலிருந்து தொம்மென்று ஒரு சத்தம். டியூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகருவியைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு பிரிட்ஜெட் என்ற பெண் எழுந்து நின்றாள். "நாங்க அஞ்சு பேர் இருக்கோம் சார். ட்ரம் அடிக்கறவன் ஸ்கூல்ல ஆடியிருக்கான். மத்தவங்க சும்மா ஓடுவோம்."

"இதுக்கெல்லாம் விதி இருக்கும்மா."

"வேலைதான் இல்லாம நிக்கறோம், ஒரு விசில் அடிச்சா என்ன போச்சு" என்றார் நடுவர்களில் ஒருவர். சில்லி அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

பந்து மேலே போனது. கர்டிஸின் முதல் எறி வளையம், பலகை, வலை எதையும் தொடாமல் சுவரோர அலங்காரக் கொடிகளுக்கிடையில் விழுந்தது. இரண்டாவது எறி சரசரவென்று வலைக்குள் இறங்கியது. மூன்றாவது வரிசையில் அந்தக் கோட்டுப் போட்ட மனிதர் எழுந்து நின்று, சத்தமே போடாமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். இப்போதுதான் கூட்டத்துக்குக் கைதட்டத் தெரிந்தது. தட்டினார்கள், உண்மையிலேயே தட்டினார்கள்.

மெர்லும் தட்டினார். ஆனால் அதற்குள் ட்ரம் அடிக்கிறவன் அடுத்தடுத்து எறிந்துவிட்டான். வாத்தியக் குழு முன்னிலை.

ரஸ் பக்கத்தில் வந்து முழங்கையால் இடித்தார். "மெர்ல், தோத்துட்டிருக்கோம்."

"இது கணக்குல வராதுப்பா."

"அதோ ஒரு பையன் போன்ல படம் எடுத்துட்டிருக்கான். தோல்வியே காணாத சாம்பியன், டியூபா வாசிக்கற பொண்ணுகிட்ட தோத்தான்னு நாளைக்கு ஊர் பூரா வந்தா? என் ரெண்டு வருஷம்? உன்னோடது?"

மெர்ல் ஆடுகளத்தைப் பார்த்தார். கர்டிஸ் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டி, வாயெல்லாம் பல்லாக, நான்கு ஆண்டுகளில் ஒரு படத்திலும் இல்லாத ஒரு பையன். மெர்ல் சுவரோரமாக நடந்து போனார். யாரையும் அனுப்பவில்லை, பொறுப்புள்ள நிர்வாகி முக்கியமான வேலையைத் தானே செய்வார். விளக்குகள் அனைத்தையும் அணைத்தார்.

அந்த அரங்கத்துக்கு ஜன்னல் கிடையாது. இருட்டில் பந்து ஒருமுறை, இன்னொருமுறை தரையில் தட்டி உருண்டு போய் நின்றது. நடுக்களத்திலிருந்து கர்டிஸின் குரல் வந்தது. கோபமில்லை, மூச்சு வாங்கியது.

"சார், கரண்ட் போயிடுச்சு போலிருக்கு. கொஞ்சம் பார்க்கறீங்களா? நாங்க இப்படியே நிக்கறோம்."

மெர்லின் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. மூன்றாவது வரிசையில் யாரோ நாற்காலி கிறீச்சிட எழுந்து, தட்டுத்தடுமாறிப் படியிறங்கினார்.

மறுவாரம் கூரையில் கொடி ஏறியது: 'வாய்ப்புக் கோப்பை. தோல்வியே காணாத சாம்பியன்.' இரண்டு ஒப்பந்தங்களும் நீண்டன. புதிதாகச் சேர வருகிற மாணவர்களை மெர்ல் அந்தக் கொடியின் கீழ் நிறுத்தி, இத்தகைய போட்டிகளின் அருமையை எடுத்துச் சொல்வார். அதில் ஒரு சொல்கூட மிகையில்லை. ஸ்டோன் ஃபோர்க் அந்தக் கோப்பையை முறைப்படி ஓர் ஆட்டக்காரனைத் தோற்கடித்துத்தான் வென்றது. அவன் பெயர் கர்டிஸ் லிண்ட்ஸ்ட்ராம்.