கவர் பிரிக்காத சீட்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. அந்தக் கரடியால் ஒருநாள் உட்கார முடியாமல் போனது. வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

கரடியின் பெயர் தாண்டவராயன். அவரிடம் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் இருந்தது. கிளப்பினால் மரத்தில் இருக்கிற நாவல் பழமெல்லாம் உதிரும், அப்படி ஒரு சத்தம். சீட்டைத் தவிர வண்டியில் வேறு குறையே கிடையாது. சீட் மட்டும் பலகைக்கு ரெக்ஸின் சுற்றின மாதிரி இருக்கும். சந்தைக்குப் போய்வரத் தாங்கும். அதற்குமேல் போனால் இடுப்புக்குக் கீழே தனக்கு என்ன இருக்கிறது என்பதே மறந்துபோகும்.

பின்னால் உட்காருகிறவள் அவர் மனைவி பூங்காவனம். கவலைப்பட ஏதாவது ஒன்று இல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. குகையைப் பூட்டினோமா, தேன் பானையை மூடினோமா, எறும்பு வந்திருக்குமா என்று வண்டியில் போகும்போதெல்லாம் அவர் காதில் கேட்டுக்கொண்டே வருவாள்.

தாண்டவராயனின் தங்கை வடிவு, இரண்டு காடும் ஓர் ஆறும் தாண்டி, மலை உச்சியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய மூத்த குட்டிக்குக் காது குத்தியபோது அண்ணனும் அண்ணியும் இதே வண்டியில்தான் போனார்கள். போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அண்ணனால் உட்கார முடியவில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? தாய்மாமனோ வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு, "காத்து வாங்கறேன்" என்று நின்றுகொண்டிருந்தார். நல்ல நேரம் முடியப் போகிறது. பக்கத்து வளையில் குடியிருந்த குள்ளநரி எழுந்து வந்தது.

"என் மடி சும்மாதானே இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு நரிதான் மாமா. தேன் எடுத்தால் முதல் கிண்ணம் நரிக்குப் போகும். வடிவு அண்ணனோடு பேசுவதையே விட்டுவிட்டாள். இப்போது இரண்டாவது குட்டி முத்தரசிக்குக் காது குத்து வந்தது. வடிவு போனில் ஒரே ஒரு செய்தி அனுப்பினாள்.

"உக்கார முடிஞ்சா வாங்க. நிக்கறதா இருந்தா வர வேண்டாம். நரி மாமா இருக்காரு."

தாண்டவராயன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"பூங்காவனம், இந்தத் தடவை என் மடியிலதான். இல்லேன்னா எனக்குத் தங்கச்சியே இல்ல."

"முதல்ல சீட்டை மாத்துங்க" என்றாள் பூங்காவனம்.

சீட் வாங்கப் போகிறார் என்று தெரிந்ததும் காடே யோசனை சொல்ல வந்துவிட்டது. "எதுல உக்காந்தாலும் ஒண்ணுதான்பா" என்றது யானை. அது உட்கார்ந்த பிறகு எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கும். குரங்கு தன் போனை நீட்டியது. அது வண்டி சீட்டுகளைப் பற்றி வீடியோ போட்டு ஊரெல்லாம் பேர் வாங்கியிருந்தது.

"அண்ணாச்சி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டுச் சொல்றேன். நான் பார்த்ததுல வலிக்கிற சீட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

உண்மைதான். குரங்குக்கு உட்காருகிற இடத்தில் பிறவியிலேயே காய்ப்பு உண்டு. பாறையில் உட்கார வைத்தாலும் பஞ்சு என்றுதான் சொல்லும்.

கடைசியில் இருவரும் தூக்கணாங்குருவி வைத்திருந்த சீட் கடைக்குப் போனார்கள். கூடு பின்னுகிற குடும்பம், மெத்து மெத்தென்று செய்யும் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். கடை வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே ஒரு பலகையில், 'முள்ளம்பன்றிகள் கையால் மட்டும் அழுத்திப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தது.

தாண்டவராயன் ஒவ்வொரு சீட்டையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். பூங்காவனமும் அழுத்திப் பார்த்தாள். மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"சார், விரலா உக்காரப் போகுது?" என்றது குருவி. "ஏறி உக்காருங்க."

முதல் சீட் அல்வா மாதிரி இருந்தது. கரடி அப்படியே உள்ளே போய்விட்டார்.

"இதையே குடுத்துடு" என்றார், முழங்காலுக்கு நடுவிலிருந்து.

"வேணாம் சார். கடையில இப்படித்தான் இருக்கும். ஒரு காடு தாண்டறதுக்குள்ள பஞ்சு அமுங்கி, அடியில இருக்கற தகட்டுல உக்காந்திருப்பீங்க. தூரம் போற வண்டிக்குச் சீட்டு கொஞ்சம் கெட்டியா, அகலமா இருக்கணும். முன்பக்கம் சரியக் கூடாது. இதைப் பாருங்க."

அது காட்டிய சீட் பார்வைக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. தாண்டவராயன் ஏறி உட்கார்ந்தார். அப்புறம் இறங்கவே இல்லை. பின்னால் வரிசையில் நின்ற காட்டுப்பன்றி, "யோவ், வாங்கறியா இறங்கறியா?" என்று கத்தியது. பதில் இல்லை.

பூங்காவனம் எட்டிப் பார்த்தாள்.

"தூங்கிட்டாருங்க" என்றாள் கூச்சத்தோடு.

அவரை எழுப்பாமலே பின்னால் தானும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பின்னால் உட்காருகிறவளுக்கும் இடுப்பு என்று ஒன்று உண்டு என்பதை யாரோ ஒரு புண்ணியவான் நினைத்துப் பார்த்துச் செய்திருந்தான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் குகையைப் பூட்டினோமா என்ற கவலைகூட வரவில்லை.

உள்ளேயிருந்து புது சீட் வந்தது. தடித்த பாலிதீன் கவர் போட்டு, சுற்றிலும் ஒட்டி, பளபளவென்று இருந்தது. வண்டியில் மாட்டி முடித்ததும் குருவி கவரைப் பிரிக்க மூக்கைக் கொண்டுபோனது.

"ஐயோ, வேண்டாம்!" என்று பூங்காவனம் போட்ட சத்தத்தில் காட்டுப்பன்றி டோக்கனைக் கீழே போட்டுவிட்டது.

"ஏன்?" என்றார் தாண்டவராயன்.

"புழுதி படியும். மழை வந்தா நனையும். அதெல்லாம் போகட்டும், வடிவு வீட்டு வாசல்ல போய் இறங்கும்போது புதுசுன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அங்க போய்ப் பிரிச்சுக்கலாம்."

தாண்டவராயன் தலையாட்டினார். அவர் குகையில் டிவி ரிமோட்டுக்குக் கவர் உண்டு. மெத்தைக்குக் கல்யாணத்தன்று வந்த கவர் இன்னும் உண்டு. அவர் புரண்டு படுத்தால் அடுத்த குகையில் இருக்கிறவர் மழை என்று எழுந்து துணி எடுக்க ஓடுவார்.

மறுநாள் காலையில் கிளம்பினார்கள். முதல் காட்டில் நிழல் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மரங்கள் முடிந்து வெயில் வந்ததும் கவர் தோசைக்கல் ஆகிவிட்டது.

"சுடுது" என்றார் தாண்டவராயன்.

"எனக்கும்தான். இருங்க, துண்டு இருக்கு."

துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். பாலிதீன் மேல் துண்டு நிற்குமா? பிரேக் போட்டதும் துண்டோடு அவர் பெட்ரோல் டேங்க் வரைக்கும் போனார். பின்னாலேயே அவள் வந்து மோதினாள்.

"ஏங்க, எதுக்கு முன்னாடி முன்னாடி போறீங்க?"

"நான் எங்க போறேன்? நீதான் தள்ற."

"நான் ஏன் தள்றேன்? நான் குகையைப் பூட்டினேனான்னு யோசிச்சுக்கிட்டு வர்றேன்."

ஆற்றங்கரையில் இறங்கித் துண்டைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார்கள். இப்போது துண்டு நகரவில்லை. ஆனால் முடிச்சு இரண்டும் இருக்கக் கூடாத இடத்தில் வந்து நின்றன. இரண்டாவது காட்டின் பாதி வழியில் தாண்டவராயன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, குனிந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பூங்காவனம், கவரைப் பிரிச்சிடலாம்."

"இவ்வளவு தூரம் ஒரு கீறல் இல்லாம கொண்டுவந்தாச்சு. இப்பப் போய்ப் பிரிச்சா, இதுவரைக்கும் பட்ட கஷ்டத்துக்கு என்னங்க அர்த்தம்?"

தாண்டவராயன் கவரை விட்டுவிட்டு, அதற்கு மேலே போட மெத்தென்று வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடினார்.

வழியில் இருந்த ஓர் அரிசி மில்லில் உமி மூட்டை ஒன்று வாங்கி, அதைத் துண்டின் மேல் வைத்துக் கட்டினார்கள். இப்போது இருவரும் நல்ல உயரத்தில் இருந்தார்கள். ஊர்வலத்தில் வருகிற மாதிரி. கால் தரையில் எட்டவில்லை என்பதால் எங்கேயும் நிறுத்த முடியவில்லை. ஏற்கெனவே வெந்து, முடிச்சு குத்தி, கன்றிப்போன இடத்தில் உமி குத்தியது. மலையேறும் பாதை முழுவதும் தாண்டவராயன் நின்றுகொண்டே ஓட்டினார். பூங்காவனம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தானும் நின்றாள். மூட்டை மட்டும் சுகமாக உட்கார்ந்து வந்தது.

வடிவு வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. தாண்டவராயன் காலை அகட்டி அகட்டி நடந்து வந்தார். வடிவு முதலில் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் நடையைப் பார்த்தாள்.

"வாங்கண்ணே. உக்காருங்க."

"இருக்கட்டும்மா. கொஞ்சம் காத்து வாங்கறேன்."

"போன தடவையும் காத்துதான் வாங்கினீங்க."

தாண்டவராயன் பாயில் உட்காரப் பார்த்தார். பாதி வரைக்கும் போனார். "அம்மா!" என்று துள்ளி எழுந்தார். வடிவின் கண்ணில் நீர் முட்டியது. பந்தலில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்ப்பது போல் இந்தப் பக்கமே பார்த்தார்கள். காது குத்த வந்த மரங்கொத்தி மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தது. குள்ளநரி ஏற்கெனவே குளித்து, பட்டு வேட்டி கட்டி, மடியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தது.

"வடிவு அக்கா, நான் உக்காரட்டுமா? பழக்கப்பட்ட மடி."

வடிவு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார். "சரி, உக்காருங்க மாமா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டாள்.

அப்போது வாசலில் பொத்தென்று ஒரு சத்தம் கேட்டது. குட்டி முத்தரசி வண்டியிடம் போய்க் கயிற்றைக் கடித்து, மூட்டையைக் கீழே தள்ளி, துண்டை உருவி எறிந்துவிட்டு, பளபளவென்று மின்னிய சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். யார் கூப்பிட்டும் இறங்கவில்லை.

வடிவு வெளியே வந்தாள். சீட்டைப் பார்த்தாள். ஒட்டின ஒட்டு பிரியாத கவரைப் பார்த்தாள். கீழே கிடந்த மூட்டையைப் பார்த்தாள். அண்ணன் நடையை நினைத்துப் பார்த்தாள்.

"அண்ணே!" என்றாள். "இது சீரா?"

தாண்டவராயன் வாயைத் திறந்தார்.

"குட்டிக்குச் சீர் கொண்டு வந்திருக்காரு!" என்று வடிவு பந்தலுக்குள் திரும்பிக் கத்தினாள். "அது அழுக்காகக் கூடாதுன்னு அதுமேல உக்காராம, உமி மூட்டையில வந்திருக்காருங்க எங்கண்ணன்! கவர்கூடப் பிரிக்கல பாருங்க!"

சொந்தம் மொத்தமும் வாசலுக்கு வந்து கவரைத் தொட்டுப் பார்த்தது. "தன் மடி போனாலும் குட்டிக்கு ஒரு மடி வாங்கிட்டு வந்திருக்கான்" என்று ஒரு கிழக் கரடி மூக்கை உறிஞ்சியது. தாண்டவராயன் திறந்த வாயோடு மனைவியைப் பார்த்தார். பூங்காவனம் சீட்டைப் பார்த்தாள். கடையில் உட்கார்ந்த அந்தச் சுகம் இடுப்பில் ஒருமுறை வந்து போனது.

"ஆமா வடிவு" என்றாள் மெதுவாக. "உனக்குன்னுதான்."

நான்கு போல்ட்டைக் கழற்றிச் சீட்டைப் பந்தலுக்குக் கொண்டுவந்தார்கள். முத்தரசி அதன்மேல் உட்கார்ந்தாள். தாய்மாமன் பின்னால் நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மடி இல்லாம காது குத்தினா செல்லாது!" என்றது நரி.

"எனக்குக் காது தெரிஞ்சா போதும்" என்றது மரங்கொத்தி. "மடியிலயா குத்தப் போறேன்?"

டொக், டொக் என்று இரண்டே தட்டு. குட்டி அழவில்லை. அது எப்போதோ தூங்கிவிட்டிருந்தது. தூக்கத்தில் சீட்டிலேயே ஒன்றுக்கும் போய்விட்டது. கவர் மேல் விழுந்ததெல்லாம் ஒரு சொட்டு உள்ளே இறங்காமல் வழிந்து, பக்கத்தில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நரியின் பட்டு வேட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

பூங்காவனம் கணவர் காதருகில் வந்தாள்.

"பாத்தீங்களா? கவர் இல்லாம இருந்திருந்தா?"

அன்று தேனில் முதல் கிண்ணம் தாண்டவராயனுக்குத்தான் வந்தது. நின்றுகொண்டே குடித்தார். ரொம்பவும் இனித்தது.

சில நாள் அங்கேயே தங்கி, காயமெல்லாம் ஆறின பிறகு, வண்டியில் சீட் இருந்த இடத்தில் உமி மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். உமி நன்றாகப் படிந்து, கெட்டியாக, அகலமாக, சரியாமல் இருந்தது.

"பூங்காவனம், இதுவே சுகமா இருக்குடி" என்றார் தாண்டவராயன் ஆச்சரியத்தோடு.

"அப்படியா? நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று பூங்காவனம் இறங்கி ஓடி, வடிவிடம் ஒரு பாலிதீன் ஷீட் கேட்டு வாங்கி வந்து, மூட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மழை வந்தால் உமி ஊறிவிடும் அல்லவா?

அவர்கள் கண் மறைந்ததும் வடிவின் கணவர், சீட்டைக் கூடத்தில் போட்டுக் கவரைப் பிரிக்கப் போனார்.

"கையை எடுங்க!" என்றாள் வடிவு. "அடுத்த மாசம் உங்க அக்கா மகளுக்குக் காது குத்து. நாம என்ன சீர் செய்யப் போறோம்?"

அந்த சீட் இப்போது எந்தக் காட்டில், யார் வீட்டில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஏழெட்டுக் காடுகளைத் தாண்டிவிட்டது என்று மட்டும் சொல்கிறார்கள். இவ்வளவு தூரம் சுற்றியும் அதற்கு ஒரு கீறல் இல்லை.

நீதி: நெடுந்தூரப் பயணத்துக்கு ஏற்ற சீட் எதுவென்று தேடித் தேடி நல்லதாகவே வாங்குங்கள். நெடுந்தூரம் போகப் போவது அதுதான்.