கிளாஸ்கோ மாமியின் தனிக் கும்பிடு

ஐம்பது வருஷம் லண்டன் மேடைகளில் பாடி ஆடிப் பிழைத்த ஒருவருக்கு, மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும் என்று நான் கால்மணி நேரம் வகுப்பு எடுத்திருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் மைக்கைச் சுட்டிக்காட்டி, "இது எதுக்கு, தம்பி?" என்றார்.

கிளாஸ்கோ மாமிக்கு மைக் தேவையில்லை. அவரைவிடச் சத்தமாக ரகசியம் பேசக்கூடியவர் லண்டனில் இன்னும் பிறக்கவில்லை. ஒருமுறை எங்களோடு கோயிலுக்கு வந்தவர், பக்கத்தில் நின்ற பெரியவரின் தலைமுடி சொந்தமா, வாங்கியதா என்று என் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். தீபாராதனை மணியையும் மீறி அது பெரியவரை எட்டியது. அதன்பிறகு நாங்கள் கிழக்கு வாசலில் நுழைந்தால் அவர் மேற்கு வாசலில் வெளியேறிவிடுவார்.

விம்பிள்டனில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். அவருடைய நிஜப் பெயரைச் சொல்லத் தொண்டையில் தமிழனுக்கு இல்லாத ஓர் உறுப்பு வேண்டும். ஆகவே தெருவிலிருந்த தமிழர்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவரை மாமியாக்கிவிட்டோம். அவர் பேசும் ஆங்கிலத்திலும் எனக்குப் பாதிதான் புரியும். மீதியை ஊகித்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதினேழு வயதில் கிளாஸ்கோவிலிருந்து ரயிலேறி வந்தவர், மியூசிக்கல் காமெடியில் சேர்ந்தார். பேசிக்கொண்டிருப்பவர்கள் காரணமே இல்லாமல் பாடத் தொடங்கும் நாடக வகை அது. நம் சினிமா பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதலில் பின்வரிசையில் கூட்டமாக ஆடிப் பாடும் கோரஸ், பிறகு கதாநாயகியின் தோழி, வீட்டுக்காரி, சமையல்காரி என்று பதவி உயர்ந்து, இறுதியில் கதாநாயகியின் அத்தையாக ஓய்வு பெற்றார். எந்த வேடமானாலும் இரண்டாம் பாதியில் ஒருமுறை தடாலென்று விழுவார். விழுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொன்னார்.

அதை குகன் அண்ணையின் மளிகைக்கடையில் செய்தும் காட்டினார். குகன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். நான் செயலாளர், அதாவது நாற்காலி அடுக்குபவன். அன்று அவர் போனில் அழாத குறையாகச் சொன்னார்: "தம்பி, மனிசி அரிசி மூட்டைக்குப் பக்கத்திலை விழுந்து கிடக்குது. மூச்சுப் பேச்சில்லை. உம்மடை டொக்டரைக் கூட்டிக்கொண்டு ஓடி வாரும்." டாக்டர் என்பது என் மனைவி. நாங்கள் மூச்சு வாங்க ஓடிப் போனபோது, இறந்தவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். குகன் அண்ணைதான் அரிசி மூட்டையில் சாய்ந்து கிடந்தார்.

இப்படிப்பட்டவர் ஒரு சாயங்காலம் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து, நாடகம் முடிந்ததும் நடிகர்கள் இடுப்பை மடக்கிக் குனிந்து போடும் கும்பிட்டைப் பற்றிப் பேசினார். அதற்கு ஒரு வரிசை உண்டாம். முதலில் கோரஸ், கைகோத்துக்கொண்டு மொத்தமாக. அடுத்து சில்லறை வேடங்கள், ஜோடி ஜோடியாக. எல்லோருக்கும் பிறகு கதாநாயகி, தனியாக.

"ஐம்பது வருஷமும் யாரோ ஒருத்தர் கையைப் பிடிச்சிக்கிட்டே கும்பிட்டிருக்கேன், தம்பி. பாதிப் பேருக்கு உள்ளங்கை வேர்க்கும்."

ஒரே ஒரு தடவை தனியாகக் கும்பிட வேண்டும் என்றார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கப்புறம் அந்த மாதிரிக் குனிவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று என் மனைவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு மாமி இன்னொரு பிஸ்கட் கேட்டார். நான் தட்டையே அவர் பக்கம் தள்ளினேன்.

சங்கத்தின் கலைவிழாவுக்கு மாமியைச் சிறப்பு விருந்தினராக்கினேன். ஒரு பாட்டு, ஒரு கும்பிடு, அவ்வளவுதான். குகன் அண்ணை இழுத்தார்: "பாடட்டும். ஆனா அஞ்சு நிமிசத்துக்கு மேலை ஏலாது. பேச்சாளர்மார் ஆறு பேர் இருக்கினம்."

விழா வெம்பிளியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். ஹீட்டரை அணைக்கத் தெரிந்தவர் விடுமுறையில் போயிருந்தார். மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் மாமிக்கு வியர்த்து, மூக்குவரை பவுடர் இறங்கிக்கொண்டிருந்தது. உபசாரம் செய்கிறோம் என்ற பெருமையோடு, குழந்தைகளின் மயில் நடனத்துக்கு வைத்திருந்த மயிலிறகு விசிறியை எடுத்து அவருக்கு வீசினேன். மாமி போட்ட கூச்சலில் மண்டபத்திலிருந்த மிருதங்கமே சுருதி கலைந்திருக்கும்.

இந்த நாட்டு மேடைக்காரர்களுக்கு மயிலிறகு ஆகவே ஆகாதாம். முருகனைத் தெரியாத ஜனங்கள். பரிகாரமும் உண்டு. வெளியே போய் மூன்று சுற்றுச் சுற்றி, தோளுக்குப் பின்னால் துப்பிவிட்டு, கதவைத் தட்டி அனுமதி கேட்டு உள்ளே வர வேண்டும். பட்டு வேட்டியோடு கார் நிறுத்துமிடத்தில் சுற்றினேன். நவக்கிரகத்தைச் சுற்றிப் பழகிய கால்கள் என்பதால் சிரமமில்லை. அந்த நேரம் பார்த்துக் காரிலிருந்து இறங்கிய உள்ளூர் கவுன்சிலர், இது தமிழர் வரவேற்பு முறை போலும் என்று நினைத்து, பணிவோடு தானும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

மாமி பாடினார். ஒரு சமையல்காரி தன்னைப் பெண் பார்க்க வந்தவனை விரட்டும் பாட்டு. ஒரு சொல்கூட எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் அத்தனையிலும் மண்டபம் சிரித்தது. நாற்காலிகளுக்கிடையில் ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள்கூட உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தது. மாமி ஓரடி முன்னால் வந்தார். கையை நெஞ்சில் வைத்தார். குனியப் போனார்.

இந்த இடத்தில்தான் நான் நம் வழக்கத்தை மறந்து போயிருந்தேன். நம் மேடையில் ஒருவரைத் தனியாக நிற்க விட்டால் அது அவமரியாதை. குகன் அண்ணை பொன்னாடையோடு ஏறினார். அவர் பின்னால் பொருளாளர், முன்னாள் தலைவர்கள், அவர்களுடைய மனைவிமார், யாருக்கும் தெரியாத ஒரு சிவப்புச் சட்டைக்காரர். ஆளாளுக்குப் போர்த்தியதில் மாமியின் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். மாமியின் இரண்டு கைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பின்வரிசையில் நின்று சிரித்துப் பழகிய சிரிப்பு.

நானும் மேடையேறி, எல்லோரையும் இறக்கிவிடுங்கள் என்று குகன் அண்ணையைக் கெஞ்சினேன்.

"என்ன தம்பி விசர்க் கதை? உபதலைவர்மார் இன்னும் போர்த்தேல்லை."

மைக்கை எடுத்தேன். வெளிக்கூடத்தில் சாப்பாடு தொடங்கிவிட்டது, கொத்து ரொட்டி கொஞ்சம்தான் இருக்கிறது என்று அறிவித்தேன். மேடை கண்ணிமைக்கும் நேரத்தில் காலியானது. என் கணக்கில் ஒரு பிழை. மண்டபமும் காலியானது. பேச்சாளர்கள் ஆறு பேரும் முன்னால் போனார்கள், கவுன்சிலர் அவர்களுக்கும் முன்னால். மூன்றாம் வரிசையில் என் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

மாமி காலி நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பொன்னாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்தினார். பிறகு, மண்டபம் நிரம்பி வழிவதைப் போல, மெதுவாக, முழுசாகக் குனிந்தார். முழங்கால் சொடுக்கிய சத்தம் மைக் இல்லாமலே கேட்டது. அதே நிதானத்தோடு நிமிர்ந்தார். என் மனைவி எழுந்து நின்று தட்டினாள். நானும் உள்ளங்கை எரியும்வரை தட்டினேன். கண்ணில் ஏதோ விழுந்திருந்தது.

திரும்பும்போது மனைவி காரோட்டினாள். மாமி பின் இருக்கையில், மடியில் பொன்னாடைக் குவியல், அதன்மேல் கொத்து ரொட்டிப் பொட்டலம். என் சமயோசிதத்தைப் பற்றி நானே நாலு வார்த்தை சொல்லிக்கொண்டு வந்தேன். மனைவி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அவங்க தனியாக் கும்பிடணும்னுதானே இத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தாங்க. நீங்க எதுக்கு மேடைய விட்டு இறங்காம பக்கத்துலயே நின்னீங்க?"

அவள் என்ன சொன்னாள் என்று பின்னாலிருந்து மாமி கேட்டார். அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, என் தோளைத் தட்டினார்.

"விடச் சொல்லு, தம்பி. இவ்வளவு பெரிய தொப்பையோட ஒரு கோரஸ் எனக்கு இப்பத்தான் அமைஞ்சிருக்கு."