அத்தாவுக்கு நான் பொருத்திய கைப்பிடி

அந்த யோசனை எனக்கு மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், தோப்பும்படி என்கிற ஊரின் பஸ் நிறுத்தத்தில் வந்தது. தலையில் மீன்கூடையோடு ஒரு கிழவர், ஓடத் தொடங்கிவிட்ட பஸ்ஸின் வாசல் கம்பியை ஒரு கையால் பிடித்தார்; அடுத்த நொடி உள்ளே இருந்தார். ஒரே ஒரு கை! நான் ஏற வேண்டிய பஸ்ஸும் அதுதான். அதை விட்டுவிட்டு அங்கேயே நின்று யோசித்தேன். (அந்த வயதில் யோசனை வந்தால் பஸ்ஸை விடுவது எனக்கு வழக்கம். கல்லூரிக்கு நேரத்துக்குப் போன நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.)

எண்பதாம் வருஷத்து மழைக்காலம். எனக்குப் பத்தொன்பது வயது, பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. அத்தாவுக்கு அதற்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்திருந்தது. மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மூட்டையைத் தட்டிப் பார்த்தே எடை சொன்னவர், இப்போது கக்கூஸில் குந்தி எழுந்திருக்க அம்மா கை கொடுக்க வேண்டும். அம்மா தூக்கிவிடும்போது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அம்மாவைக் கூப்பிடும் தடவைகளைக் குறைப்பதற்காகச் சாயா குடிப்பதையே நிறுத்திவிட்டார். 'வாய்க்குப் பிடிக்கலை' என்பார். நாளைக்கு ஆறு சாயா குடித்த மனிதர்!

வலது கை இருக்கிறதே, சுவரில் ஒரு கம்பி இருந்தால் போதாதா? ஒரு வருஷமாக இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று வீட்டார்மேல் எனக்குக் கோபமே வந்தது.

மறுநாள் பிராட்வே கடைத்தெருவில் ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். ஒன்றரை அடி இரும்புக் குழாய், அதன் இரண்டு முனைக்கும் நாலு ஓட்டை போட்ட வட்டத் தகடு, எட்டு ஸ்குரு. கடைச் சேட்டன் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்: "பித்தி ஏதா மோனே? வெட்டுகல்லோ, இஷ்டிகயோ?"

சுவர் வெட்டுகல்லா செங்கல்லா என்று கேட்கிறார். மட்டாஞ்சேரியில் பழைய வீடுகள் எல்லாமே வெட்டுகல். மண்ணுக்குள்ளிருந்து அறுத்தெடுக்கும் சிவப்புக் கல், உள்ளே கறையான் அரித்தது மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு.

"செவுரு செவுருதான் சேட்டா" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

வீட்டில் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினேன். சுவர் வெண்ணெய் மாதிரி வழிவிட்டது. என் கை அவ்வளவு தேர்ந்த கை என்று நினைத்துக்கொண்டேன். எட்டுத் துளை, எட்டிலும் முருங்கைக் கட்டையைச் சீவி அறைந்தேன். (முருங்கைதான் கையில் கிடைத்தது. விறகுக்கே ஆகாத மரம் என்று அம்மா பிறகு சொன்னாள். பிறகு.) கட்டையில் ஸ்குரு. கம்பி ஏறிவிட்டது. அந்த வேகத்தில் கதவுக்கு ஒரு தாழ்ப்பாளும் போட்டேன். பழையது எப்போதோ உடைந்து, அம்மா உள்ளே வர வேண்டுமே என்று யாரும் மாற்றாமல் விட்டது.

சோதனை செய்யாமல் விடுவேனா? விஞ்ஞானி அல்லவா! இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, காலை மடக்கித் தொங்கி, இருபதுவரை எண்ணினேன்.

"எடா, வௌவாலு மாதிரி தொங்குனது போதும், எறங்கு" என்றாள் அம்மா. ஆனால் அவள் முகம் மலர்ந்திருந்தது.

அத்தா சுவரைப் பிடித்தபடி வந்தார். உள்ளே போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே நின்றோம். தாழ்ப்பாள் திறந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு தன் கைலியைத் தானே சரிசெய்துகொண்டு அத்தா வெளியே வந்தார். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு சாயா போடு" என்றார்.

பதினோரு நாள் அந்த வீட்டில் என்னைப் போல ஒரு ராஜா இல்லை.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும் நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை; அரிசி மூட்டையை இறக்கிவைத்த மாதிரி.

"அத்தா!" என்று கதவில் மோதினேன். தாழ்ப்பாள் அசையவில்லை. மறுபடி மோதினேன். என் வாழ்நாளில் நான் பொருத்தியவற்றில் உறுதியாக நின்றது அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான். கடைசியில் கீல்தான் பெயர்ந்தது. கதவோடு நானும் உள்ளே போய் விழுந்தேன்.

அத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் கம்பி. அதன் இரண்டு முனையிலும் முருங்கைக் கட்டைகள், பிடுங்கின கடைவாய்ப் பல் மாதிரி, சிவப்புத் தூளோடு. அம்மா அழ ஆரம்பித்தாள். அத்தா கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கம்பி நல்ல கம்பிதாண்டா. செவுருதான் கூட வந்துருச்சு."

என் தவறு என்னவென்று அந்தக் கணமே தெரிந்தது. நான் தொங்கினேன், என் எடை கீழ் நோக்கிப் போனது. குந்தியிருப்பவர் எழுந்திருக்கும்போது கம்பியைத் தன்னை நோக்கி அல்லவா இழுப்பார்! ஆணியின்மேல் சட்டை மாட்டினால் ஆணி நிற்கும், முன்பக்கம் இழுத்தால் வந்துவிடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு இயற்பியலில் நூற்றுக்கு எண்பத்திரண்டு மதிப்பெண்.

ஆஸ்பத்திரி போகிறவரை அத்தா கம்பியை விடவில்லை. விட முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மணிக்கட்டு முறிந்து விரல்கள் அப்படியே இறுகியிருந்தன. "இதெந்தா சேட்டா, பைப்போ?" என்று கட்டுப் போடுகிறவர் கம்பியைக் காட்டிக் கேட்டார்.

"மோன்டெ சம்மானம்" என்றார் அத்தா.

மகன் கொடுத்த பரிசு. அங்கிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்து ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

மிச்சமிருந்த அந்த ஒரு கை கோணலாகத்தான் கூடியது. கைலி முடிச்சுக்கூடப் போட வராது; எதையாவது பிடித்துக்கொள்ள மட்டும் வரும். ஆறு வருஷம் எல்லாவற்றுக்கும் அம்மாதான். 'செவுருதான் கூட வந்துருச்சு' என்பது எங்கள் குடும்பத்துப் பேச்சாகிவிட்டது. சம்பந்தம் பேசப் போய் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கினாலும், மீன் முள்ளோடு சதையும் உரிந்து வந்தாலும், யாராவது அதைச் சொல்வார்கள். அம்மாதான் அதை நன்றாகச் சொல்வாள்; அத்தாவின் குரலிலேயே சொல்வாள்.

இந்த மழையில் அம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு யாரும் அதைச் சொல்லவில்லை.

அத்தா என்னைக் கூப்பிடுவதில்லை. கக்கூஸ் வாசலில் போய் நின்று இருமுகிறார். நான் போய்த் தூக்கிவிடுகிறேன். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். நான் வேலைக்குப் போகும் நாட்களில் எனக்காகக் காத்திருக்கிறார்; எத்தனை மணி நேரம் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அதனால் மறுபடி கம்பி வாங்கிவிட்டேன். இந்தத் தடவை மரக்கட்டை கிடையாது. சுவரை அந்தப் பக்கம்வரை துளைத்து, நீளப் போல்ட் விட்டு, பின்னால் இரும்புப் பட்டை வைத்து நட்டு முறுக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ரோசிச் சேச்சியின் அடுக்களை. தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டேன்.

"அதிலெ தவி தூக்கியிடாமோ?" என்றார். அந்தப் பட்டையில் கரண்டி மாட்டிக்கொள்ளலாமா என்கிறார். எத்தனை வேண்டுமானாலும் மாட்டுங்கள் சேச்சி என்றேன்.

இன்று சாயங்காலம் முதல்முறையாக அத்தாவிடம் கேட்டேன்: "எங்கே வைக்கட்டும்?" அவர் கைலியோடு உள்ளே போய், என் தோளைப் பிடித்துக் குந்தி, கோணல் கையை நீட்டிக் காட்டினார். பென்சிலால் கோடு போட்டேன். நான் முன்பு வைத்த இடத்துக்கு ஒரு முழம் கீழே இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அதைச் சொல்லவில்லை.

நாளைக் காலை துளை போடுகிறேன். இறுகியதும் நான் குந்தி, பின்னால் சாய்ந்து, என்னை நோக்கி முழு பலத்தோடு இழுக்கப் போகிறேன். அப்போது தானும் பக்கத்தில் நிற்கப்போவதாக அத்தா சொல்கிறார்.

"நீங்க எதுக்கு அத்தா?"

"நீ விழுந்தா பிடிக்க ஆள் வேணாமா?"