கரையேறியவர்களில் நூற்றுக்கு நூறு

ஒரு காட்டில் ஒரு மேல்நிலைப்பள்ளி இருந்தது. காட்டுக்குச் சிங்கம்தானே ராஜா என்று கேட்காதீர்கள். ராஜாவாக இருப்பதில் வருமானம் இல்லை என்று தெரிந்துகொண்டு சிங்கம் எப்போதோ ஒதுங்கிவிட்டது. பள்ளிக்குத் தாளாளர் ஒரு முதலை. மாடிக் கட்டடம், கழிப்பறை, ஸ்மார்ட் வகுப்பு எல்லாம் அவர் கருணை என்று தலைமையாசிரியர் கரடி காலை வழிபாட்டில் தவறாமல் நினைவூட்டுவார். அந்த முதலைக்கே ஆற்று மடுவில் ஒரு நீர்ப்பூங்காவும் இருந்தது. வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா என்று அங்கேதான் கூட்டிப்போவார்கள். பள்ளிச் சுவரில் அதற்கு விளம்பரம் எழுதியிருந்தது:

'எங்கள் பூங்காவில் குளித்துக் கரையேறியவர்களில் நூற்றுக்கு நூறு பேர் முழுத் திருப்தி.'

பள்ளியின் கணக்கு டீச்சர் மங்கையர்க்கரசி ஒரு கடமான். அந்த விளம்பரத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே போனவள்தான். சுற்றுலா முடிந்து வரும் பஸ்ஸில் பாதி சீட் காலியாக இருப்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளைப் பெற்றோர் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள் என்று கரடி சொல்வார். மாதக் கடைசியில் சம்பளம் வரும். அவளும் நம்பிக்கொள்வாள். இந்த வருஷம் அவளுடைய ஒரே மகன் பிரணவ் பத்தாம் வகுப்புக்கு வந்தான். அன்றைக்குத்தான் 'கரையேறியவர்களில்' என்ற சொல் அவள் கண்ணில் பட்டது.

காய்ச்சல் என்று சொல்லி அவனை வீட்டில் நிறுத்த வழியில்லை. ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள்தான் பஸ்ஸில் முதலில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரும் என்பது அங்கே விதி. வேலையை விட்டுப் போகலாமென்றால் அவளுடைய அசல் சான்றிதழெல்லாம் முதலையின் பீரோவில் இருந்தது. மிச்சமிருந்தது பாடம் ஒன்றுதான். கரடியின் அறைக்குப் போய், புள்ளியியலும் நிகழ்தகவும் நடத்தும்போது இந்த வருஷம் கூடவே ஒன்று சொல்லித்தரப்போகிறேன் என்றாள். ஒரு கணக்கைக் காட்டினால் யாரைக் கேட்டு எடுத்தார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள் என்று விசாரிக்கப் பிள்ளைகள் பழக வேண்டும் என்றாள்.

கரடி தேன் பாட்டிலை மூடி வைத்தார்.

"பசங்களுக்கு எதுக்கு டீச்சர் அதெல்லாம்? நாணயம் சுண்டட்டும், பகடை உருட்டட்டும், பையில இருந்து சிவப்புப் பந்து எடுக்கட்டும். யாரை விட்டாங்கன்னு நீங்க கிளப்பி விட்டா, நாளைக்கு நம்ம ரிசல்டையே கேப்பாங்க."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. அந்தப் பள்ளியில் எப்போதும் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. தேற மாட்டான் என்று தோன்றிய பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, மிச்சமிருப்பவர்களை வைத்துப் போட்ட நூறு அது. எப்படியும் சின்னப் பாடம், பிள்ளைகள் சாய்ஸில் விட்டுவிடட்டும் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார்.

அவள் கேட்கவில்லை. சுற்றுலாவுக்கு முந்தின நாள் வகுப்புக் கதவைச் சாத்தினாள். சுவர் விளம்பரத்தை அப்படியே போர்டில் எழுதி, 'கரையேறியவர்களில்' என்ற சொல்லைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டாள். முன் பெஞ்சுக் குரங்கு கை தூக்கியது.

"மிஸ், இது பரிட்சைக்கு வருமா?"

வராது என்றாள். வகுப்பு மொத்தமும் பேனாவைக் கீழே வைத்தது. வாழ்க்கைக்கு உதவும் என்று சொல்லிப் பார்த்தாள். வாழ்க்கைக்கு எத்தனை மார்க் என்று பின் பெஞ்சுக் காட்டுப்பன்றி கேட்டது. பேசாமல் பந்துக் கணக்குக்குப் போகச் சொல்லி எல்லாரும் கெஞ்சினார்கள். சிவப்புப் பந்து வர என்ன வாய்ப்பு என்று கேட்டதும் வகுப்பே ஒரே குரலில் சரியாகச் சொன்னது. அந்தப் பை யாருடையது, உள்ளே கைவிட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பிரணவ் மட்டும் வட்டம் போட்ட சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். அது போதும் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் மாலை பள்ளி வாசலில் போய் நின்றாள். பஸ் வந்தது. இறங்கிய பிள்ளைகளுக்கு ஒரே குஷி. சறுக்குப் பலகை பிரமாதம், மதியம் பிரிஞ்சி போட்டார்கள், கிளம்பும்போது அத்தனை பேரும் செல்போனில் ஐந்து நட்சத்திரம் அழுத்திவிட்டு வந்தோம் என்று பீற்றிக்கொண்டார்கள். குரங்கு இறங்கவில்லை. காட்டுப்பன்றி இறங்கவில்லை. பிரணவும் இறங்கவில்லை. டிரைவர் கதவைச் சாத்திக்கொண்டு போனான். இத்தனை வருஷம் காலி சீட்டுகளைப் பார்த்துவிட்டுப் பேசாமல் சம்பளம் வாங்கியதை நினைத்து அவள் தன்னையே திட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டும் நேரத்தில் தாளாளரின் கார் வந்தது. பின் சீட்டிலிருந்து பிரணவ் இறங்கினான். ஒரு காலில் கட்டு, கழுத்தில் அடையாள அட்டை.

"காலைக் கவ்விட்டாரும்மா. 'ஐயா, உங்க விளம்பரத்துல ஒரு வார்த்தை உங்களைக் காட்டிக்கொடுக்குது, எங்க அம்மாவே கண்டுபிடிச்சுட்டாங்க'ன்னு சொன்னேன். உடனே வாயைத் திறந்துட்டாரு."

அதற்குப் பதிலாக வேறு வாசகம் எழுதிக் கொடுத்தானாம். முதலை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, பூங்காவின் புள்ளிவிவர அதிகாரியாக அங்கேயே நியமித்துவிட்டதாம். பரிட்சை எழுதக்கூட லீவு தருவார்களாம். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே காரிலிருந்து இறங்கிய பெயிண்டர் பழைய எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினான்:

'எங்கள் பூங்காவில் குளித்தவர்களில் ஒருவர்கூட இதுவரை புகார் சொன்னதில்லை.'

மங்கையர்க்கரசி படித்தாள். ஒரு சொல்லில்கூடப் பொய் இல்லை.

"உன்கூடப் போய்த் திரும்பி வராதவங்கல்லாம் எங்கடா?"

"அவங்களும் புகார் சொல்லலம்மா."

அறைவதற்கு ஓங்கிய காலை இறக்கிவிட்டு அவன் நெற்றியை நக்கினாள். பெற்ற மனசு அப்படித்தான். வெட்கமாக இருந்தது அவளுக்கு. ஆனால் சந்தோஷம் அந்த வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை பள்ளியில் பெற்றோர் கூட்டம் முட்டி மோதியது. காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு வந்தவர்கள் என்று நினைத்து அவள் பின்வாசல் பக்கம் ஒதுங்கினாள். அவர்களோ ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர். படிக்கும்போதே பிரணவுக்கு வேலை வாங்கிக் கொடுத்த பாடம் எது, அதற்குத் தனி டியூஷன் உண்டா என்று கேட்க வந்திருந்தார்கள். கரடி அவளைக் கையோடு அறைக்கு அழைத்துப்போய்த் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தார்.

"அந்தப் பாடத்தைத் தாராளமா நடத்துங்க டீச்சர். தாளாளருக்கு இன்னும் ரெண்டு பேர் தேவைப்படுதாம்."

"மத்த பிள்ளைங்களுக்கு?"

"மத்தவங்களுக்குப் பந்து போதும்."

நீதி: புள்ளியியல் படிக்காத பிள்ளையை முதலை தின்னும், நன்றாகப் படித்த பிள்ளைக்கு முதலையே சம்பளம் கொடுக்கும். ஆகவே பெற்றோர்களே, முதலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பிள்ளையின் மார்க்கைப் பற்றிக் கவலைப்படுங்கள்.