மல்லாந்த அலமாரியில் மேப்பிள் பாகு

“சாறு காய்ச்சப் போறவன் முதல்ல...” என்று என் கல்யாண விருந்தில் மாமனார் எழுந்து நின்று பேசினார். முதலில் என்ன செய்ய வேண்டும் என்றாரோ, அது மட்டும் நினைவில்லை. அந்த நேரம் பார்த்து நான் ஒரு பன்றித் தொடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது அவரும் இல்லை. யாரைப் போய்க் கேட்பது?

டொராண்டோவில் பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு, கியூபெக்கில் பிறந்த ஊருக்கே திரும்பியவன் நான். இங்கே மார்ச் பிறந்தால், மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிற ஆவிதான் காட்டோரமெல்லாம். என் மச்சான் கிளெர்மோனுக்கு மலைச்சரிவு முழுக்க மேப்பிள் மரம். குழாய், இயந்திரம், கர்வம், எல்லாம் உண்டு. சாற்றுத் தொட்டி கழுவ ஆள்தான் இல்லை. என் மனைவி மிரெய் என்னைக் கைகாட்டினாள்.

“எனக்கு வேண்டியதை நானே காய்ச்சிக்குவேன்,” என்றேன்.

“சரி. ஈஸ்டர் சாப்பாட்டுக்கு நீ காய்ச்சின பாகு ஒரு ஜாடி மேசைக்கு வரட்டும். வந்தா நீ யாருக்கும் தொட்டி கழுவ வேணாம். வரலேன்னா வருஷா வருஷம் கிளெர்மோன்கிட்ட போற. பேசாம போற.”

தொட்டியைக்கூடக் கழுவிவிடலாம். கழுவும்போது பக்கத்தில் நின்று அவர் பேசுவாரே, அதை எதைக்கொண்டு கழுவுவது?

அடுப்பை நானே கட்டினேன். யாரோ தெருவில் எறிந்த ஆபீஸ் இரும்பு அலமாரியை மல்லாத்திப் படுக்கவைத்தேன். இழுப்பறைகளை உருவினேன். உள்ளே செங்கல் பரப்பி, மேலே வெட்டிய ஓட்டைகளில் மூடிப்போன உணவகம் ஒன்றின் தட்டைப் பாத்திரங்களை இறக்கினேன். தலைமாட்டில் புகைக்குழாய். நுரை பொங்கினால் பட்டு அடங்கட்டும் என்று பன்றிக் கொழுப்புத் துண்டு ஒன்றை நூலில் தொங்கவிட்டேன். ஒரு ஆபீஸைப் பாடையில் கிடத்தியதுபோல இருந்தது.

‘காய்ந்த விறகு’ வேண்டும் என்று புத்தகங்களில் போட்டிருந்தது. பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் படித்தவன், இரண்டிலும் வாசித்தேன். இலையுதிர் காலத்தில் வெட்டியது வசந்தத்துக்குள் காயாதா? காயாது. இரண்டு கோடை வேண்டுமாம். என் விறகு சீறியது, புகைந்தது, நுனியில் நீர் கோத்து அழுதது. எரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின நாள். வெயில் ஏறிவிட்டது. வீட்டோர மேப்பிள்களில் சேர்த்துவைத்த சாற்றை இன்று காய்ச்சாவிட்டால் புளித்துவிடும். மரத்தில் மொட்டு வந்தால் இனி இறங்குகிற சாறும் உதவாது.

“வீட்டு விறகுல கொஞ்சம் தா, மிரெய்.”

“தொட்டுப் பாரு. ராத்திரி இன்னும் உறையுது. உன் பாகைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா தூங்குறது?”

“சாறு புளிச்சுடும்.”

“அப்ப காய்ஞ்சதா வேற ஏதாவது தேடு.” யோசிப்பதுபோல நின்றாள். “உன் கொட்டகையில இருக்கிறதெல்லாம் காய்ஞ்சதுதானே?”

கொட்டகையில் இருப்பவை என் சாமான்கள். குப்பை என்பது அவள் கட்சி. ஊர் திரும்பிய நாளிலிருந்து நடக்கிற வழக்கு.

முதலில் ஆப்பிள் மரப்பெட்டிகள் அடுப்புக்குள் போயின. பாத்திரம் தளதளவென்று கொதித்தது. பிறகு ஜோடி இழந்த பனிச்சறுக்குக் கட்டைகள். பிறகு கட்டில் சட்டம். மூன்று கால் நாற்காலியோடு மிரெய் வந்தாள்.

“அதுக்கு ஒரு கால் போடணும்னு வெச்சிருந்தேன்.”

“போடு. நான் வேணாங்கலையே. கொதி இறங்குது, பாரு.”

நாற்காலி போயிற்று. ஏணி போயிற்று. ஒவ்வொன்றையும் அவளே சுமந்து வந்து கொடுத்தாள். இவ்வளவு ஒத்தாசையாக அவளை நான் பார்த்ததே இல்லை. கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

நூற்று நாலு டிகிரி தொட வேண்டும். வெப்பமானி நூற்று மூன்றில் உட்கார்ந்துகொண்டது. கரண்டியைத் தூக்கினால் பாகு திரைபோலச் சரிய வேண்டும். சொட்டுச் சொட்டாகவே விழுந்தது.

அப்போது டிராக்டர் சத்தம். பக்கத்துப் பண்ணை கஸ்தோன், பின்னால் பெரிய மரக்கூண்டோடு வந்து நின்றார்.

“மிரெய், கோழிக்கூண்டை எங்க இறக்கட்டும்?”

“கொட்டகையிலதான்.”

“போன மாசம் நீ அளவு சொன்னப்ப, அங்க ஏது இடம்னு நினைச்சேன்.”

“இப்ப வந்து பாருங்க. ஒரே ஒரு படகுதான் கிடக்கு.”

போன மாசம். நான் அலமாரியை மல்லாத்திய மாசம்.

“கோழியா?” என்றேன்.

“கோழிதான். ஏன், உனக்கு முட்டை பிடிக்குமே.”

படகு தேவதாரு மரம். அடியில் ஒரு பொத்தல். அடைத்ததும் அதில் போகப்போகிற ஏரிகளின் பெயர்கள் எனக்கு வரிசையாகத் தெரியும்.

“ரெமி, மறந்தே போச்சு,” என்றார் கஸ்தோன். “தொட்டி கழுவ உனக்கு ரப்பர் பூட்ஸ் என்ன அளவுன்னு கிளெர்மோன் கேட்கச் சொன்னாரு.”

பாத்திரத்தில் குமிழ்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன.

“நான் ஒண்ணும் சொல்லலப்பா,” என்றாள் மிரெய். “படகும் உன்னுது, பாகும் உன்னுது.”

கோடாலியை எடுத்துக்கொண்டு போய், படகை முனையிலிருந்து பிளக்க ஆரம்பித்தேன்.